எந்திரம் மாறினாலும் எழுத்து மாறலாகாது!



கொங்கு நாட்டில் கிணற்று நீரை முன்பு எப்படி இறைத்தார்கள் என்று உங்கள் அப்பாரையோ அப்புச்சியையோ கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் இரண்டு எருதுகள் சரிவில் இறங்கி இழுக்க, தோல் பையில் நீர் மேலே வந்தது. அதற்குக் கவலை என்று பெயர். பின்னர் ஆயில் எஞ்சின் வந்தது. எஞ்சினிலிருந்து ஓடிய பெல்ட் பம்பைச் சுழற்றியது. 1932-ஆம் ஆண்டில் நீலகிரியிலுள்ள பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நாளடைவில் எஞ்சின் இருந்த இடத்தில் மின்மோட்டார் வந்து அமர்ந்தது.

இதில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். எஞ்சினை எடுத்துவிட்டு மோட்டாரை வைக்கும்போது பம்பையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. பம்புக்கு வேண்டியது சரியான வேகத்தில் ஒரு சுழற்சி மட்டுமே. அதைத் தருவது எஞ்சினா மோட்டாரா என்பது பம்புக்குத் தெரியாது. பெல்ட் ஓடும் சக்கரத்தின் அளவை வேகத்துக்கேற்ப மாற்றினால் போதும். அதே பம்பு அதே கிணற்றிலிருந்து அதே நீரைத் தரும்.

நாம் எழுதும் எழுத்துக்கும் இந்த வசதி வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் கருத்து. கட்டுரை, கடிதம், நூல், மலர் ஆகியவற்றைத் தயாரிக்க இன்று கணிப்பொறியில் மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். அம்மென்பொருள் ஒரே வகைக் கணிப்பொறியில்தான் ஓடும் என்றால், அந்தக் கணிப்பொறி பழையதாகும் நாளில் நம் எழுத்தும் சிறைப்பட்டுவிடும். ஓர் இயக்க முறைமைக்காக எழுதப்பட்ட மென்பொருளை இன்னோர் இயக்க முறைமையிலும் ஓடும்படி பெயர்த்து அமைப்பது ஒரு தனித் தொழில்நுட்பம். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்குக் கிடைக்கும் புகழ், பெயர்த்து அமைப்பவருக்குக் கிடைப்பதில்லை. இது நியாயமன்று. தமிழைப் பொறுத்தவரை இது நமக்கு நஷ்டமும் கூட.

ஏன் அப்படியே ஓடுவதில்லை?

விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகியவை இயக்க முறைமைகள். கோப்பைத் திறப்பது, திரையில் எழுத்தைக் காட்டுவது, அச்சுப்பொறிக்குத் தாளை அனுப்புவது போன்ற வேலைகளை மென்பொருளுக்காகச் செய்து தருபவை இவையே. ஆனால் ஒவ்வொன்றின் பழக்கமும் வேறு.

ஒரு சிறு எடுத்துக்காட்டைக் காண்போம். பழைய தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்ததும் இரண்டு வேலைகள் நடக்கும். தாள் ஏந்திய உருளை தொடக்கத்துக்குத் திரும்பும். தாள் ஒரு வரி மேலே ஏறும். இந்த இரண்டு வேலைகளுக்கும் கணிப்பொறியில் 13, 10 என்ற இரண்டு குறியெண்கள் உண்டு. விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டையும் எழுதுகிறது. லினக்ஸ் 10-ஐ மட்டும் எழுதுகிறது. பழைய மேக் கணிப்பொறிகள் 13-ஐ மட்டும் எழுதின. வரி எங்கே முடிகிறது என்ற எளிய விஷயத்திலேயே இத்தனை வேறுபாடு! கோப்புக்குப் பெயர் வைக்கும் முறை, எழுத்துருக்கள் இருக்கும் இடம், திரையில் வரையும் முறை எல்லாம் இப்படியே மாறுபடுகின்றன. பெயர்த்து அமைப்பவர் இவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

ஒரு பேராசிரியர் காட்டிய வழி

இந்தத் தொல்லையை முன்கூட்டியே எண்ணி மென்பொருள் எழுதியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கனூத். 1977-ஆம் ஆண்டில் அவருடைய நூலின் இரண்டாம் பாகம் மறுபதிப்புக்காகப் புதிய ஒளி அச்சுக்கோப்பு முறையில் கோக்கப்பட்டு, திருத்தப் படிகளாக அவர் கைக்கு வந்தது. முந்தைய பதிப்பின் அழகு அதில் இல்லை. மனம் வருந்திய அவர், நூல்களைக் கோக்கும் மென்பொருளைத் தாமே எழுத முனைந்தார். அதுதான் டெக். கணிதச் சமன்பாடுகள் நிறைந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளை எழுத உலகெங்கும் அது இன்றும் பயன்படுகிறது.

1978-இல் உருவான முதல் டெக், ஸ்டான்போர்டில் இருந்த ஒரு வகைக் கணிப்பொறிக்கென்றே எழுதப்பட்டது. மற்ற ஊர்க்காரர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். ஆகவே 1982-இல் கனூத் அதை முழுவதும் புதிதாக எழுதினார். இம்முறை அவர் செய்த மூன்று ஏற்பாடுகள் நாம் கற்றுக்கொள்ளத் தக்கவை.

முதலாவது, மாற்றக்கூடாததையும் மாற்ற வேண்டியதையும் அவர் பிரித்து வைத்தார். மூல நிரலை யாரும் தொடக்கூடாது. தம் கணிப்பொறிக்கு வேண்டிய மாற்றங்களை மட்டும் ஒவ்வொருவரும் 'மாற்றக் கோப்பு' என்ற தனிக் கோப்பில் எழுத வேண்டும். இரண்டையும் ஒரு கருவி இணைத்து, அந்தக் கணிப்பொறிக்கு ஏற்ற டெக்கை உருவாக்கித் தரும். பம்பு ஒன்றே, பெல்ட் சக்கரம் மட்டும் அவரவர் எஞ்சினுக்கு ஏற்றபடி!

இரண்டாவது, கணக்கு. அக்காலக் கணிப்பொறிகள் தசமக் கணக்கை ஆளுக்கொரு விதமாகச் செய்தன. அதற்கான பொதுத் தரமே 1985-இல்தான் வந்தது. ஒரு கணிப்பொறியில் வரியின் நீளம் இம்மியளவு கூடினாலும், ஒரு சொல் அடுத்த வரிக்குத் தள்ளப்படும். பிறகு பக்கமே மாறிவிடும். ரூபாயைத் தசமத்தில் எழுதாமல் பைசாவாக எண்ணினால் கணக்கில் குழப்பம் வராது அல்லவா? அதுபோல் கனூத், அச்சுக்கலையில் வழங்கும் பாயிண்ட் என்ற அளவை 65,536 பங்குகளாக்கி, முழு எண்களாலேயே கணக்கிட்டார். ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 1,86,000 பங்குகள் அடங்கும். ஒரு பங்கு நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியது. அதனால் எந்தக் கணிப்பொறியில் கோத்தாலும் வரி ஒரே இடத்தில்தான் முறியும்.

மூன்றாவது, தேர்வு. பெயர்த்து அமைத்தவர் தம் மென்பொருளுக்கு டெக் என்று பெயரிட வேண்டுமானால், அது ஒரு கடுஞ்சோதனையில் தேற வேண்டும். புத்தியுள்ள எவரும் எழுதாத விசித்திரமான கட்டளைகளை எல்லாம் திரட்டி, கனூத் ஒரு சோதனைக் கோப்பை உருவாக்கினார். அதை ஓட்டினால் கிடைக்கும் விடை அவர் தந்த விடையோடு ஒத்திருக்க வேண்டும்.

முழு நிரலையும் அவர் 1986-இல் நூலாகவே வெளியிட்டார். பிழை கண்டுபிடிப்பவருக்குக் காசோலை அனுப்பும் வழக்கத்தையும் வைத்துக்கொண்டார். மறைக்காமல் வெளியிட்டதன் பயனாக, பலர் தத்தம் கணிப்பொறிகளுக்கு அதைப் பெயர்த்து அமைத்தார்கள். 1996 முதல் வெளிவரும் டெக் லைவ் என்ற தொகுப்பை விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். 1982-இல் எழுதிய மென்பொருள் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருப்பது ஒருவருடைய திறமையால் மட்டுமன்று. பெயர்த்து அமைத்த பலருடைய உழைப்பாலும்தான்.

'கொங்கு' என்ற சொல்லுக்கு வந்த சோதனை

ஆங்கிலத்துக்குச் சரி, தமிழுக்கு? இங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

கொங்கு என்ற சொல்லில் மூன்று எழுத்துகள் இருக்கின்றன: கொ, ங், கு. பழைய அச்சகத்தில் அச்சுக் கோப்பவர் முதலில் ஒற்றைக் கொம்பை எடுத்து வைப்பார், அடுத்து க, அதன்பின் கால், பிறகு ங், கடைசியில் கு. மொத்தம் ஐந்து அச்சுகள். கணிப்பொறிக்கு வந்த தொடக்ககாலத் தமிழ் எழுத்துருக்கள் பலவும் இதே முறையைப் பின்பற்றின. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே குறியெண்களை அடுக்கின. ஆனால் எந்தக் குறியெண்ணுக்கு எந்த வடிவம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வகுத்துக்கொண்டது. ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொருவர் தம் கணிப்பொறியில் திறந்தால் கொங்கு என்பது ஏதோ ஒரு கிறுக்கலாகத் தெரிந்தது. 1990-களில் தயாரித்த மலர்களும் நூல்களும் அச்சுத் தாளில் நன்றாக இருக்கின்றன. அவற்றின் கோப்புகளோ, உரிய எழுத்துரு இல்லாவிட்டால் படிக்கவே முடியாத நிலையில் கிடக்கின்றன.

இதற்குத் தீர்வாக வந்தது ஒருங்குறி. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனிக் குறியெண் தரும் இத்தரத்தில் 1991-இலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஒருங்குறியில் கொங்கு என்பது ஆறு குறியெண்கள்: க, ஒகரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி. உங்கள் கணிப்பொறியில் அச்சொல்லைத் தட்டி, பின்னோக்கி அழிக்கும் விசையை ஒவ்வொரு முறையாக அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் கொங்க, கொங், கொங, கொ, க என்று குறைந்து, ஆறாவது அழுத்தத்தில்தான் சொல் முழுவதும் மறையும்.

இப்போது சிக்கல் புரிகிறதா? குறியெண்கள் ஒலிக்கும் வரிசையில் இருக்கின்றன. கண்ணுக்கோ கொம்பு முன்னே வர வேண்டும். ஆகவே மென்பொருள் ஒகரக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை க-வுக்கு இடப்புறமும் காலை வலப்புறமும் நிறுத்த வேண்டும். அச்சுக் கோப்பவரின் அறிவை மென்பொருளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இது தெரியாத மென்பொருளில் கொம்பு தனியே, எழுத்து தனியே சிதறிப் போகும்.

இது நம் கோவையோடும் தொடர்புடைய செய்தி. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழ் இணைய மாநாடும் உடன் நடைபெற்றது. அதே ஜூன் மாதத்தில் தமிழக அரசு ஒருங்குறியைத் தமிழுக்கான தரமாக அறிவித்தது. ஒருங்குறியை முழுமையாகக் கையாள இயலாத மென்பொருள்களுக்காக தேஸ்-16 என்ற மாற்றுத் தரத்தையும் உடன் அறிவித்தது. அப்படி ஒரு மாற்று ஏன் தேவைப்பட்டது? பதிப்பகங்களில் வழங்கிய பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் பலவற்றுக்கு அன்று ஒருங்குறித் தமிழை ஒழுங்காக அடுக்கத் தெரியாததே காரணம். மொழிக்குத் தரம் வந்துவிட்டது. ஆனால் அதைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் எல்லா இடத்துக்கும் வந்து சேரவில்லை.

டெக் மென்பொருளின் வழித்தோன்றல் ஒன்றின் கதை இதற்கு நல்ல சான்று. சிறுபான்மை மொழிகளுக்காகப் பணியாற்றும் எஸ்.ஐ.எல். என்ற அமைப்பில் இருந்த ஜோனதன் கியூ, 2004-இல் ஸீடெக் என்ற மென்பொருளை வெளியிட்டார். ஒருங்குறி எழுத்துகளை அப்படியே ஏற்று, முறைப்படி அடுக்கும் திறன் அதற்கு இருந்தது. ஆனால் மேக் கணிப்பொறியின் உள்வசதிகளை நம்பி எழுதப்பட்டதால், அது மேக்கில் மட்டுமே ஓடியது. மேக் வாங்க வசதியில்லாத மாணவருக்கு அது எட்டாக் கனி. 2006-இல் அது லினக்ஸுக்குப் பெயர்த்து அமைக்கப்பட்டது. பின்னர் ஜப்பானைச் சேர்ந்த அகிரா ககுட்டோ விண்டோஸுக்கும் கொண்டுவந்தார். 2007-இன் டெக் லைவ் தொகுப்பில் அது இடம்பெற்றது. ககுட்டோ தமிழுக்காக அதைச் செய்யவில்லை. எனினும் விண்டோஸில் தமிழ் நூல் கோக்க விரும்புபவருக்கு அவர் உழைப்பால் ஒரு வாசல் திறந்தது.

பள்ளி மேசைக்கு வந்த மென்பொருள்

டெக் பெரியவர்களின் கருவி என்று நினைத்தால், உங்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2018-இல் வெளிவந்த பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் ஓபன் ஆபீஸ் ரைட்டர் இடம்பெற்றது. 1985-இல் ஜெர்மனியில் மார்க்கோ போரிஸ் என்ற 16 வயது இளைஞர் தொடங்கிய நிறுவனத்தின் ஸ்டார் ரைட்டரே அதன் முன்னோடி. சி.பி.எம். என்ற பழைய இயக்க முறைமையில் பிறந்த அது, டாஸ், விண்டோஸ், லினக்ஸ் என்று ஒவ்வொன்றாகப் பெயர்ந்து வந்தது. 1999-இல் சன் நிறுவனம் அதை வாங்கியது. 2000-இல் மூல நிரலை உலகுக்குத் திறந்துவிட்டது. 2010-இல் அதிலிருந்து லிப்ரெ ஆபீஸ் கிளைத்தது.

இதிலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நெடுங்காலம் லிப்ரெ ஆபீஸ், எழுத்துகளை அடுக்கும் வேலையை அந்தந்த இயக்க முறைமையிடமே விட்டிருந்தது. அதனால் ஒரே ஆவணம் இடத்துக்கு இடம் சற்று மாறித் தெரிந்தது. 2017-இல் வந்த 5.3 பதிப்பு முதல் ஹார்ப்பஸ் என்ற கட்டற்ற மென்பொருளிடம் அந்த வேலை எல்லா இடத்திலும் ஒப்படைக்கப்பட்டது. கனூத் 1982-இல் கணக்கில் செய்ததை இவர்கள் எழுத்தில் செய்தார்கள். மாறக்கூடாத ஒன்றை மாறக்கூடியவற்றின் கையில் விடலாகாது என்பதே அந்தப் பாடம்.

சிலர் கேட்கும் கேள்விகள்

"எல்லோரும் ஒரே இயக்க முறைமையைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லையே இல்லையே?" என்று சிலர் கேட்கிறார்கள். எந்த ஒன்றை? 1980-களில் கேட்டிருந்தால் டாஸ் என்றிருப்பார்கள். இன்று உங்கள் வீட்டுக் கைப்பேசியில் ஓடுவது ஆண்ட்ராய்டு. அதன் அடியில் இருப்பது லினக்ஸ். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. இயக்க முறைமைகள் வரும், போகும். நம் எழுத்து அவற்றைவிட நெடுநாள் வாழ வேண்டியது.

"இலவசமாகக் கிடைப்பது தரமாக இருக்குமா?" என்பது இன்னொரு கேள்வி. இங்கே பெரிது விலையன்று, உரிமை. மூடியைத் திறந்து பார்க்கவும் பழுது நீக்கவும் உரிமை இல்லாத பம்பை எந்த விவசாயியாவது வாங்குவாரா? மூல நிரல் திறந்திருந்தால், அதை எழுதியவர் கைவிட்டாலும் இன்னொருவர் புதிய கணிப்பொறிக்குப் பெயர்த்து அமைக்கலாம். மூடிய மென்பொருளை நிறுவனம் நிறுத்திவிட்டால், அதில் எழுதியவையும் அதனோடு நின்றுவிடும்.

எனினும் பெயர்த்து அமைத்த மென்பொருளில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கணிப்பொறியில் இருக்கும் எழுத்துரு மற்றொன்றில் இல்லாவிட்டால் வேறொன்று அந்த இடத்தில் வந்து, பக்கங்கள் நகர்ந்துவிடும். ஆகவே லோகித் தமிழ், நோட்டோ போன்ற கட்டற்ற எழுத்துருக்களைப் பயன்படுத்துவதும் அவசியம். நீரை மட்டுமன்று, குழாயையும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும்!

நீங்கள் செய்யக்கூடியது

டெக்குக்குக் கனூத் வகுத்தது போன்ற ஒரு கடுஞ்சோதனைப் பக்கத்தைத் தமிழுக்கு நீங்களே உருவாக்கலாம். இதை உங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் இந்த ஆண்டே தொடங்குங்கள் என்பது என் வேண்டுகோள். ஒரு பக்கம் போதும். அதில் கொங்கு இருக்கட்டும். கௌதாரி இருக்கட்டும்; ஔகாரக் குறியின் வலப்பகுதியும் ள என்ற எழுத்தும் கண்ணுக்கு ஒன்றே, கணிப்பொறிக்கு வேறு வேறு. ஸ்ரீ, க்ஷ போன்ற கூட்டெழுத்துகளும், ஆய்தமும், தமிழ் எண்களும் இருக்கட்டும். வரி நிறைந்த ஒரு நீண்ட பத்தியும் வேண்டும்.

அப்பக்கத்தை ஓபன் டாக்குமெண்ட் என்ற திறந்த வடிவத்தில் சேமியுங்கள். 2006 முதல் அது பன்னாட்டுத் தரம். பிறகு விண்டோஸிலும் லினக்ஸிலும் திறந்து அச்சிட்டு, இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வரி விலகியிருக்கிறதா? கொம்பு இடம் மாறியிருக்கிறதா? பிழை கண்டால், எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு என்று குறித்து, அதை உருவாக்கும் குழுவுக்கு எழுதுங்கள். கட்டற்ற மென்பொருளில் இதற்கென்று வழிகள் திறந்தே இருக்கின்றன. தமிழில் வரும் பிழை தமிழ் படிக்கத் தெரிந்தவர் கண்ணுக்குத்தான் தெரியும். நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

அடுத்த படியாக, நிரல் எழுதக் கற்றவர்கள் அப்பிழையைத் திருத்தவே முயலலாம். பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன ஊர் நம் கோவை. இங்கே ஒரு எந்திரத்தை இன்னொன்றோடு பொருத்தி ஓடவைக்கத் தெரிந்தவர்களுக்கு எப்போதும் மதிப்பு உண்டு. அந்தக் கைத்திறன் மென்பொருளிலும் தேவைப்படுகிறது. புதிதாக ஒன்றை ஆக்கினால்தான் அறிவியல் என்று எண்ண வேண்டாம். இருக்கும் நல்லதை எல்லோருக்கும் எட்டச் செய்வதும் அறிவியலே. நாளை வரப்போகும் இயக்க முறைமையின் பெயர் இன்று நமக்குத் தெரியாது. அதன் திரையிலும் கொங்கு என்ற சொல் சிதறாமல் நிற்க வேண்டும். அதற்கான முதல் சோதனைத் தாள் உங்கள் பள்ளியிலிருந்து வரட்டும்!